நடுக்கத்துக்கு ஒரு ஸ்பூன் சீனி

மார்ச் 4

தம்பிக்கு,

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்திருப்பாய். சாவதற்கு நம் வீட்டில் மிச்சம் இருப்பதே நாம் இரண்டு பேர்தான். நான் உயிரோடுதான் இருக்கிறேன். சர்க்கரை மட்டும் வந்துவிட்டது.

போன வாரம் ஆஸ்பத்திரி ஊழியர்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எங்கள் சலவைக் கூடத்தில் பதினாலு பேர். மூன்று பேருக்குச் சர்க்கரை, அதில் நான் ஒருத்தி. ஆமாம், இன்னும் அதே சலவைக் கூடம்தான். துவைக்கிற மெஷினிலிருந்து இஸ்திரி மேஜைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒன்பது வருஷத்தில் எனக்கு நடந்த முன்னேற்றம் அவ்வளவுதான்.

எழுதக் காரணம் அதுவல்ல. ஒரு படிவம் கொடுத்தார்கள். பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்று ஒரு கேள்வி. அப்பாவுக்கு உண்டு என்று போட்டேன். அடுத்தது, உடன்பிறந்தவர்களுக்கு உண்டா? பேனாவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் கேட்டாள், "என்னக்கா, கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையா?"

"இருக்கான் ஒருத்தன்."

"அவருக்கு இருக்கா?"

"தெரியாதும்மா."

அவள் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுதிக் காட்ட முடியாது. 'தெரியாது' என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கு வீட்டில் விளக்குப் போடவே தோன்றவில்லை.

உன் நம்பருக்கு மூன்று தடவை அடித்தேன். எடுத்தாய். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு வைத்துவிட்டாய். பேச இஷ்டமில்லை என்றால் போ, பேசாதே. அந்தப் படிவத்துக்கு மட்டும் பதில் எழுது. இருக்கா, இல்லையா?

அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில் உன்னை அறைந்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். "செத்த பிறகும் என்னைப் பார்த்து அதே முறைப்பு" என்று சொன்ன வாய்க்கு ஒரு அறை குறைச்சல்தான். ஆனால் அத்தனை உறவுக்காரர்கள் முன்னால் செய்திருக்க வேண்டாம். அந்த ஒன்றுக்கு மட்டும் வருத்தப்படுகிறேன்.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

இருக்கிறது. ஆறு வருஷமாக. படிவத்தைத் திருத்திக்கொள்.

போனை நான் வேண்டுமென்று வைக்கவில்லை. "சொல்லுக்கா" என்று இரண்டு தடவை சொன்னேன். நீதான் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டே இருந்தாய். போன் சரியில்லை போலிருக்கிறது. கடையிலும் போனில் ஆர்டர் எடுக்க என்னை விடுவதில்லை. அந்தப் பக்கம் இருப்பவர்கள் எல்லோரும் "சத்தமாப் பேசுங்க சார்" என்கிறார்கள்.

கேக் கடையில்தான் இருக்கிறேன். காலை ஐந்துக்குப் போனால் மாலை மூன்று ஆகும். கேக்குக்குக் கிரீம் பூசுவது, பூ வைப்பது, மேலே பெயர் எழுதுவது என் வேலை. சர்க்கரைக்காரன் நாளெல்லாம் சீனிக்குள் நிற்கிறேன், பாலுக்குப் பூனை காவல் என்று நீ சிரிப்பாய். விரலில் ஒட்டியதைக்கூட நக்குவதில்லை. கை நடுங்கினால் மட்டும் ஒரு ஸ்பூன் சீனி. நம் வீட்டுச் சட்டம் உனக்கு மறந்திருக்காது. அப்பாவுக்குக் கை ஆடினால் 'சர்க்கரை இறங்கிடுச்சு' என்று ஓடிவந்து அவர் வாயில் சீனி போடுவாயே, அதேதான். இதற்கென்றே என் மேஜையில் தனியாக ஒரு டப்பா வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை திறப்பேன். இப்போது நாளைக்கு நாலைந்து தடவை.

வேறு விசேஷம் இல்லை. அறை வாங்கியது அன்றைக்கு வலிக்கவில்லை. அப்புறம்தான் வலித்தது.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

ஒன்பது வருஷம் கழித்து எழுதுகிறவன் ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டாய். அதையும் படிக்க விட்டாயா? முதல் வரி மனுஷன் எழுதியது போல இருக்கிறது. கீழே வர வர எழுத்து சின்னதாகி, கடைசியில் எறும்பு ஊர்ந்தது போல. ஜன்னல் ஓரம் கொண்டுபோய் என் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி வைத்துப் படித்தேன். பேப்பருக்கு அங்கே அவ்வளவு பஞ்சமா? பள்ளிக்கூடத்தில் நோட்டுப் பக்கத்துக்கு ஆறே வரி எழுதி அப்பாவிடம் திட்டு வாங்கினவன் நீ!

எனக்கு விரலில் குத்திப் பார்க்கிற மெஷின் வாங்கித் தந்திருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் குத்திக்கொள்கிறேன். எண் வருகிறது. 148, 139 என்று ஏதாவது. வந்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. வீட்டில் யார் இருக்கிறார்கள்? உன் அத்தான் போய் அஞ்சு வருஷமாகிறது, உனக்கு யார் சொல்லியிருப்பார்கள். முந்தாநாள் 126 வந்தது. "நூத்தி இருபத்தாறு!" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னேன். சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது.

உன் எண்ணை எழுது. என் எண்ணை நானும் எழுதுகிறேன். அண்ணன் தம்பி சொத்துக்காகச் சண்டை போடுவார்கள், நாம் சர்க்கரைக்காகச் சமாதானமாகிறோம் என்று வைத்துக்கொள்.

நீ தனியாகவா இருக்கிறாய்? கூட யாரும் இல்லையா? கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டேன்.

அக்கா


ஏப்ரல் 10

அக்காவுக்கு,

அத்தான் போனது தெரியாது. எனக்கு சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

தனியாகத்தான் இருக்கிறேன். ஒரு அறை. ஒரு நாற்காலி, அதில் துணி கிடக்கும். யாராவது வந்தால் துணியை எடுத்துக் கட்டிலில் போட வேண்டும். போட்டதில்லை, யாரும் வந்ததில்லை.

எழுத்தைப் பற்றிக் கிண்டல் செய்தாய். நான் பெரிசாகத்தான் எழுதுகிறேன் அக்கா. எழுதும்போது பெரிசாகத்தான் இருக்கிறது. முடித்துவிட்டுப் பார்த்தால் இப்படி ஆகியிருக்கிறது. கேக்கிலும் இதே கதைதான். போன வாரம் ஒரு கல்யாண கேக்கில் மாப்பிள்ளை பெயர் கொட்டை எழுத்தில், பெண் பெயர் பொடி எழுத்தில் வந்துவிட்டது. பெண்வீட்டுக்காரர் கடைக்கே வந்து, "எங்க பொண்ணு பேருன்னா உங்களுக்கு அவ்வளவு இளப்பமா?" என்று சத்தம் போட்டார். முதலாளியம்மா நல்ல மாதிரி. என் முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. கிரீமைச் சுரண்டிவிட்டு அவரே எழுதிக் கொடுத்தார்.

அதற்கு முன்வாரம் இரண்டு தட்டு கேக் கருகிவிட்டது. அடுப்புக்காரர் வெளியே போயிருந்தார். நான் அடுப்புக்கு நாலடி தூரத்தில்தான் நின்றேன். வாசனையே வரவில்லை. அவர் வாசலிலிருந்தே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார், "யோவ், மூக்கைக் கழட்டி வீட்டுல வெச்சுட்டு வந்தியா?" என்று.

இப்போது என்னைக் கல்லாப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு குழந்தை பிறந்தநாள் கேக் வாங்க வந்தது. என்னைப் பார்த்துவிட்டு அம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. "அந்த மாமா ஏன் கோபமா இருக்காரு?" என்று கேட்டது. நான் கோபமாக இல்லை. அந்தக் குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்பா முகம் எனக்கு வந்துவிட்டது போல. அவர் எனக்கு விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு நான் கேக் செய்து கொண்டுவந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு கேக்குக்குப் பூ வைக்கப் போனவன் என்று ஊரே சிரித்தது. அவர் மட்டும் சிரித்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். 'எழுபது வயது இளைஞனுக்கு' என்று மேலே எழுதியிருந்தேன். அப்பா சிரித்தால் நாலு வீடு தள்ளிக் கேட்குமே, அந்தச் சிரிப்புக்காகவே எழுதினேன். அவர் கல் மாதிரி உட்கார்ந்து கேக்கையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். முகத்தில் ஒரு தசை அசையவில்லை. அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டினேன். பிறகு சாவுக்குத்தான் வந்தேன்.

என் எண்: வெறும் வயிற்றில் 194. என் டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாத்திரையைக் கூட்டுகிறார். "வாயைக் கட்டுங்க" என்கிறார். கட்டித்தான் வைத்திருக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

இதைக் கோபப்படாமல் படி. உட்கார்ந்து படி.

எங்கள் ஆஸ்பத்திரியில் கை கால் விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். துண்டு வாங்கிப் போக என் மேஜைக்கு வருவாள். நேற்று நான் உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அவள் அதை எடுத்தாள். படிக்கவில்லை, எழுத்தை மட்டும் பார்த்தாள். மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து கீழே.

"யாருக்கா எழுதினது?"

"என் தம்பி. கஞ்சன்."

"இவருக்குக் கை நடுங்குமா? வேலை செய்யும்போதா, சும்மா வெச்சிருக்கும்போதா? ஒரு கையா, ரெண்டு கையுமா? நடக்கும்போது ரெண்டு கையையும் வீசி நடக்கறாரா?"

எனக்கென்ன தெரியும்? நீ நடந்து நான் பார்த்தே ஒன்பது வருஷமாகிறது. ஆனால் வாசனை தெரியாமல் போனதையும், குழந்தை பயந்ததையும், போனில் குரல் எடுபடாததையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அப்புறம் அந்தப் பெயரைச் சொன்னாள். பார்க்கின்சன். இஸ்திரிப்பெட்டியைத் தூக்க மறந்துவிட்டேன், ஒரு தலையணை உறை கருகிப்போனது.

"கடுதாசியைப் பார்த்து வியாதி சொல்லக் கூடாதுக்கா. நான் டாக்டரும் இல்ல. ஆனா அவரை நரம்பு டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க. சர்க்கரை இருக்கறவங்களுக்கு இது வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்னு சொல்றாங்க. எல்லாருக்கும் வராது, பெரும்பாலானவங்களுக்கு வராது. ஆனா வந்தா, எல்லாத்தையும் சர்க்கரை மேலயே பழி போட்டுட்டு விட்டுடுவாங்க" என்றாள்.

போய்க் காட்டு. ஒன்றும் இல்லை என்றால் என்னைத் திட்டி நாலு பக்கம் எழுது, வாங்கிக்கொள்கிறேன். என் எண் 131.

அக்கா


ஏப்ரல் 28

நான் உனக்கு எழுதினேன். சலவைக் கூடத்துக்கு எழுதவில்லை.

யாரும் வராத நாற்காலியைப் பற்றிக்கூட உனக்கு எழுதினேன். அதைத் துண்டுகளுக்கு நடுவில் போட்டு வருகிறவள் போகிறவளுக்கெல்லாம் காட்டியிருக்கிறாய். முன்பு உறவுக்காரர்கள் முன்னால் அறைந்தாய். இப்போது இது.

எனக்கு இருப்பது சர்க்கரை. ஒரு ஆளுக்கு ஒரு வியாதி போதும். இந்தக் கையை வைத்துத்தான் சாப்பிடுகிறேன். இதுவும் போனால் எனக்கு வேறு என்ன இருக்கிறது என்று யோசித்தாயா?

இனி எழுத வேண்டாம்.


மே 20

தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றால் எழுதாமல் இருக்க நான் என்ன உன் கடை வாடிக்கைக்காரியா?

காட்டியது தப்புதான். இஸ்திரி மேஜையில் உன் கடிதத்தை வைத்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் கேட்டாயா? மதியச் சாப்பாட்டுக்கு மற்றவர்கள் கூட்டமாக உட்காருவார்கள். நான் அந்தக் கடிதத்தோடு உட்காருவேன். அதனால் கையோடே இருந்தது.

காலையில் 133. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

அக்கா


ஜூன் 14

தம்பிக்கு,

இதோடு ஒரு பொட்டலம் வருகிறது. என் மெஷின். எனக்கு ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்வேன்.

நீ டாக்டரிடம் போக வேண்டாம். என்னிடம் பேச வேண்டாம். ஒரே ஒரு வேலை செய். அடுத்த தடவை கை ஆடும்போது, டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் விரலைக் குத்திப் பார். எண் எழுபதுக்குக் கீழே இருந்தால் உன் அக்கா பைத்தியம், ஸ்பூனை வாயில் போட்டுக்கொள். இனி உனக்கு ஒரு வரி எழுத மாட்டேன்.

எண் மேலே இருந்தால் அந்த நடுக்கம் சர்க்கரையால் இல்லை. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

அக்கா


ஜூலை 6

அக்காவுக்கு,

உன் மெஷின் ஒரு வாரம் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. பிறகு பிரித்து, கடைக்குக் கொண்டுபோய் டப்பா பக்கத்தில் வைத்தேன். ஒரு நாள் கிரீம் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மடியில் வைத்த வலது கை தானாக ஆட ஆரம்பித்தது. விரல்கள் மாத்திரை உருட்டுவது போல. டப்பாவை எடுத்தேன். அடுப்புக்காரர், "அதென்னய்யா, புது பொம்மை வந்திருக்கே, அதையும் ஒரு தடவை பாரேன்" என்றார். குத்திப் பார்த்தேன்.

262.

நம்பவில்லை. மறுபடி பார்த்தேன், 258. இரண்டு நாளில் ஏழு தடவை கை ஆடியது, ஏழு தடவையும் பார்த்தேன். ஒரு தடவைகூட இருநூறுக்குக் கீழே வரவில்லை. எவ்வளவு காலமாகவோ நான் இல்லாத தாழ்வுக்குச் சீனி தின்றுகொண்டிருக்கிறேன். என் டாக்டர் மாத்திரையைக் கூட்டுகிறார், நான் ஸ்பூனைக் கூட்டுகிறேன். அவரிடம் டப்பாவைப் பற்றிச் சொல்லவே இல்லை. அது மருந்து என்றல்லவா நினைத்தேன், தின்பண்டம் என்று நினைக்கவில்லையே.

நரம்பு டாக்டரிடம் போனேன். நடக்கச் சொன்னார். வலது கை வீசவில்லை என்றார். எனக்கே அப்போதுதான் தெரிந்தது. விரலைத் தட்டச் சொன்னார், கோலம் மாதிரி சுற்றிச் சுற்றி வரையச் சொன்னார். சுற்று பெரிதாகாமல் உள்ளுக்குள்ளேயே சுருங்கியது. அந்தப் பெண் சொன்ன பெயரையே சொன்னார். அவளிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள்.

"சர்க்கரையாலயா டாக்டர்?" என்று கேட்டேன். "சர்க்கரைதான் கொண்டுவந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். சர்க்கரை இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் அதிகமா வருது, ஏன்னு இன்னும் ஆராய்ஞ்சுக்கிட்டிருக்காங்க. ஆனா ஒண்ணு, சர்க்கரையை இப்படி ஏத்தி வெச்சீங்கன்னா ரெண்டும் சேர்ந்து உங்களைப் பாடாப் படுத்தும். டப்பாவைத் தூக்கிப் போடுங்க. நெசமாவே இறங்கியிருக்குன்னு மெஷின் சொன்னா மட்டும் சாப்பிடுங்க" என்றார்.

இதெல்லாம் சொல்வதற்காக எழுதவில்லை.

எழுந்து வரும்போது, "வீட்டுல உங்களைக் கோபக்காரர்னு சொல்வாங்களே?" என்று சிரித்தார். "வீட்டுல யாரும் இல்ல, கடையில சொல்வாங்க" என்றேன். "அது உங்க குணம் இல்லை. இந்த வியாதியில முகத்துத் தசை இறுகிடும். உள்ள சிரிச்சாலும் வெளியே வராது. பார்க்கறவங்க முறைக்கறார்னு நினைச்சுக்குவாங்க" என்றார்.

நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

அவரிடம் கேட்டேன். என் அப்பாவுக்கும் கை ஆடும், நாங்கள் சீனி கொடுப்போம். நான் வீட்டில் இருந்த கடைசி வருஷங்களில் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார், சோம்பல் என்று அக்கா திட்டுவாள். குரல் உள்ளே போய்விட்டது. திரும்ப வேண்டுமென்றால் பொம்மை மாதிரி மொத்த உடம்போடும் திரும்புவார். சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இறந்துபோனவருக்கு நான் சீட்டு எழுத முடியாது. ஆனா நீங்க சொல்றதைக் கேட்டா..." என்று நிறுத்திவிட்டார்.

அக்கா, அப்பா முறைக்கவில்லையா? அன்றைக்கு அவர் என்னைப் பார்த்து முறைக்கவில்லையா? நீ அங்கே இருந்தாய். நான் போன பிறகும் இருந்தாய். உனக்குத் தெரிந்ததைச் சொல்.

தம்பி


ஜூலை 15

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

எனக்குத் தெரியும். வியாதி தெரியாது, மற்றது தெரியும். பதினோரு வருஷமாகத் தெரிந்து வைத்துக்கொண்டு உனக்குச் சொல்லவில்லை.

நீ பெட்டியோடு இறங்கிப் போன பிறகு அப்பா அந்த கேக்கின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். நான் கத்தியோடு வந்தேன். அவர் ஏதோ சொன்னார். குனிந்து காதைக் கொடுத்தேன். "எழுபது வயசு இளைஞனாம். படவா. எப்படி எழுதியிருக்கான் பாரு" என்றார். இப்போது யோசித்தால், அவர் குரலில் சிரிப்பு இருந்தது. முகத்தில் இல்லை, அதனால் நான் அதைச் சிரிப்பில் சேர்க்கவில்லை. "அந்த எழுத்தை வெட்டாதே" என்றார்.

எனக்கு உன் மேல் அப்படி ஒரு ஆத்திரம். அவரை எழுப்பி உட்கார வைத்து, குளிப்பாட்டி, ஊசி போட்டு எல்லாம் செய்கிறவள் நான். ஒரு கேக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போகிறவன் நீ. நறுக்கென்று நடுவில் வெட்டி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தேன். 'இளைஞனுக்கு' என்று இருந்த துண்டை மட்டும் அவர் கையால் மறைத்துக்கொண்டார். சரி தொலையட்டும் என்று அதை பிரிட்ஜில் வைத்தேன்.

எட்டு நாள் இருந்தது. தினமும் செருப்பைத் தேய்த்துக்கொண்டு போய் பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று நினைத்தேன். "சர்க்கரை ஏறிச் சாகப் போறீங்களா? மூடுங்கப்பா!" என்று கத்துவேன். மெதுவாக மூடிவிட்டுப் போவார். எட்டாம் நாள் அதைக் குப்பையில் போட எடுத்தேன். ஒரு விள்ளல்கூடக் குறையவில்லை. நீ எழுதிய கிரீம் வைத்தது வைத்தபடி இருந்தது. அவர் தின்னவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றிருக்கிறார்.

அன்றைக்கே உனக்கு எழுதியிருக்கலாம். அந்தச் சந்தோஷத்தை உனக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அப்பாவின் கஷ்டம் எல்லாம் எனக்கு, பாசம் மட்டும் உனக்கா என்று அடக்கி வைத்துக்கொண்டேன். அப்புறம் நீ சாவுக்கு வந்து அந்த வார்த்தையைச் சொன்னாய். உண்மையைச் சொல்ல வேண்டிய வாயை மூடிக்கொண்டு கையால் அறைந்தேன். உனக்கு விழுந்தது எனக்கு விழ வேண்டிய அறை.

இன்னொன்றும் தூங்க விட மாட்டேன் என்கிறது. கை ஆடினால் சீனியை வாயில் போட்டதும் நான், சாயங்காலம் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று திட்டியதும் நான். "நான் ஒண்ணும் தின்னலைம்மா" என்பார். "நடிக்காதீங்க" என்பேன். அவர் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வருத்தமும் தெரிந்திருக்காதுதானே?

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா


ஆகஸ்ட் 2

அக்காவுக்கு,

இதைக் கோடு போட்ட தாளில் எழுதுகிறேன். இங்கே எனக்குக் கைப் பயிற்சி கொடுப்பவர் சொல்லித் தந்தது. ஒவ்வொரு எழுத்தும் மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும் தொட வேண்டுமாம். ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. நாலு தாள் வீணாக்கிவிட்டேன், இனி கஞ்சன் என்று சொல்லாதே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். அதை மறைக்க மாட்டேன். பதினோரு வருஷம், அக்கா. அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸில் வந்திருப்பேன். அவர் உயிரோடு இருந்த இரண்டு வருஷமும் கிடைத்திருக்கும். மூன்றாம் நாள், நான் மட்டும் என்ன, "ஏம்பா சிரிக்கலே?" என்று ஒரு வார்த்தை அவரையே கேட்டேனா என்று தோன்றியது. அவர் மெதுவாகவாவது பதில் சொல்லியிருப்பார். முகத்தைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிட்டுக் கிளம்பினேன். நீ ஒளித்தாய், நான் கேட்கவில்லை. சரிக்குச் சரி. போதும்.

சீனி கொடுத்ததை நினைத்து நீ சாகாதே. டாக்டருக்கே தோன்றாததை இஸ்திரி போடுகிறவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்? என்னுடையதைக் கண்டுபிடித்தது நீதானே.

மாத்திரையில் கை கொஞ்சம் அடங்கியிருக்கிறது. முழுக்க இல்லை. பெயர் எழுதுவதை முதலாளியம்மா எடுத்துக்கொண்டார். அவர் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது, ஒருத்தரும் புகார் சொல்வதில்லை, முதலாளி அல்லவா! நான் கிரீம் பூசுகிறேன். எவ்வளவு நாள் ஓடும் என்று தெரியவில்லை. சில மத்தியானங்களில் பயமாக இருக்கிறது. சட்டைப் பொத்தான் போடவே நேரமாகிறது. ஆள் இல்லாத அறையில் பொத்தானோடு மல்லுக்கட்டுவது நல்ல காட்சி இல்லை. டப்பாவில் இப்போது சோப்புத்தூள் போட்டு வைத்திருக்கிறேன். காலை எண் 142.

நீ பன்னிரண்டாம் தேதி பஸ்ஸில் வருவதாக, நேற்று என் போனை எடுத்த அடுப்புக்காரரிடம் சொன்னாயாம். என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? சரி, வா. நாற்காலியில் இருந்த துணியை எடுத்துவிட்டேன். உன் மெஷினையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அன்றைக்கு ஒரு சின்ன கேக் எழுதி வைப்பேன். கோடு போட்டு, நிதானமாக. நாம் இரண்டு பேருமே தின்ன முடியாது. அப்பா மாதிரி பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே எழுதிவிடுகிறேன், வந்த பிறகு சொன்னால் உனக்குக் காதில் விழாமல் போகலாம். பஸ் நிலையத்தில் நீ இறங்கும்போது எதிரே ஒருத்தன் உர்ரென்று உன்னை முறைத்துக்கொண்டு நிற்பான். பயந்து திரும்பிப் போய்விடாதே. நான் சிரித்துக்கொண்டுதான் நிற்பேன்.

தம்பி